ஓர் அயனிக்காக அறுபது வருடச் சண்டை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளஸ் டூ படிக்கும் மகள் வேதியியல் விடைத்தாளைக் கொண்டுவந்து என் லேப்டாப் மேலேயே வைத்தாள். "அப்பா, இதுல என்ன தப்பு? மார்கோனிகாஃப் விதிப்படிதானே போட்டிருக்கேன்?"

கேள்வி இதுதான்: 3,3-டைமெத்தில்-1-பியூட்டீனோடு ஹைட்ரஜன் குளோரைடு வினைபுரிந்தால் கிடைக்கும் முக்கிய விளைபொருள் என்ன? அவள் செய்தது நியாயமாகத்தான் இருந்தது. இரட்டைப் பிணைப்பின் ஓரக் கார்பனுக்கு ஹைட்ரஜன், அடுத்த கார்பனுக்குக் குளோரின். ஆனால் சரியான விடையில் குளோரின் இன்னும் ஒரு கார்பன் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தது. அந்தக் கார்பனில் இருந்த மூன்று மெத்தில் தொகுதிகளில் ஒன்று கிளம்பி, குளோரின் வந்திருக்க வேண்டிய கார்பனுக்குக் குடிபோயிருந்தது. உண்மையில் சோதனைக்கூடத்தில் இரண்டு பொருளும் கலந்துதான் கிடைக்கும், இடம் மாறியதுதான் அதிகம். அதனால் அவளுக்கு முழு முட்டை போட்டது கொஞ்சம் அநியாயம் என்பது என் கட்சி.

"இதுக்குக் கார்பன் நேரயனி மறுசீரமைப்புன்னு பேரு. நடுவுல ஒரு அயனி உண்டாகுது. அது இன்னும் நிலையான அயனியா மாறிக்குது, அவ்வளவுதான்" என்றேன். நான் பொறியியல் முதலாம் ஆண்டில் மனப்பாடம் செய்த வாக்கியம் அது. இருபத்தைந்து வருடம் கழித்தும் அப்படியே வந்தது.

"அது மாறுறதை யாராவது பார்த்தாங்களா?"

சாஃப்ட்வேர் ஆள் நான். லாக் இல்லாமல் 'நடுவுல இதுதான் நடந்திருக்கும்' என்று யாராவது சொன்னால் ஆபீஸில் நானே விட மாட்டேன். அதே கேள்வியை மகள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அடுத்த சில வாரங்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கட்டுரைகளாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த இடமாற்றம் 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்களுக்கு வெறும் விநோதமாக இருக்கவில்லை, வயிற்றில் புளியைக் கரைக்கிற விஷயமாக இருந்தது. அவர்களிடம் நிறமாலை கருவிகள் எதுவும் இன்றைக்கு இருப்பதுபோல் இல்லை. ஒரு மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதைத் தெரிந்த வினைகளால் உடைத்து, துண்டுகளைப் பார்த்து, முழுசு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது. இந்த ஊகத்துக்கு ஆதாரம் ஒரே ஒரு நம்பிக்கை: வினையில் ஒரு தொகுதி போய் இன்னொன்று வரும், மற்றபடி எலும்புக்கூடு அசையாது. எலும்புக்கூடே நகரும் என்றால் போட்ட கணக்கெல்லாம் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

1860இல் ஜெர்மனியில் ஃபிட்டிக் என்பவர் பினகால் என்ற பொருளைக் கந்தக அமிலத்தோடு சேர்த்தார். தண்ணீர் நீங்கி வேறொரு பொருள் வந்தது. அதன் வடிவம் அவருக்குப் பிடிபடவே இல்லை. 1870களில் ரஷ்யாவின் பட்லெரோவ்தான் அதை ஒழுங்காக நிறுவினார். ஒரு மெத்தில் தொகுதி பக்கத்துக் கார்பனுக்குத் தாவியிருந்தது. ஏன் தாவியது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. எலக்ட்ரானே இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலம்.

அடுத்த துப்பு நம் பூஜை அறையிலிருந்து வருகிறது. கற்பூரம்.

கற்பூரத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்த கிராக்கிக்குப் பக்தி காரணமில்லை. அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்கள் 1870இல் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் கலந்தால் வருவது அது. சீப்பு, பொத்தான், பிறகு சினிமா ஃபிலிம் என்று எல்லாவற்றுக்கும் கற்பூரம் தேவைப்பட்டது. உலகத்தின் பெரும்பகுதி கற்பூர மரங்கள் தைவானில். 1895இல் தைவானைப் பிடித்த ஜப்பான், 1899இல் அங்கே கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. மரத்தை நம்பி இருக்க முடியாது, தொழிற்சாலையில் செய்தாக வேண்டும் என்ற அவசரம் ஐரோப்பாவுக்கு வந்தது. பைன் மரத்திலிருந்து வடியும் டர்பன்டைன் எண்ணெயில் பைனீன் இருக்கிறது. அதற்கும் கற்பூரத்தைப் போலவே பத்துக் கார்பன்தான். இதை அதுவாக மாற்ற முடியுமா?

பைனீனில் ஹைட்ரஜன் குளோரைடை ஏற்றினால் கற்பூர வாசனையோடு வெள்ளையாக ஒரு திடப்பொருள் வரும். அதைப் பல காலமாகவே 'செயற்கைக் கற்பூரம்' என்று அழைத்துவந்தார்கள். அது கற்பூரம் இல்லை, சும்மா வாசனைப் பொருத்தம். பைனீனில் குளோரின் ஒட்டியது, அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். தைவானில் ஏகபோகம் வந்த அதே 1899இல், வார்சாவில் பேராசிரியராக இருந்த ரஷ்யர் யெகோர் வாக்னர் அது அப்படியில்லை என்று காட்டினார். அந்தப் பொருளில் பைனீனின் எலும்புக்கூடே இல்லை. பைனீனில் இருந்த நான்கு கார்பன் வளையம் உடைந்து ஐந்து கார்பன் வளையமாக விரிந்து, கற்பூரக் குடும்பத்து எலும்புக்கூடாக மாறியிருந்தது. வாசனை பொய் சொல்லவில்லை. வாக்னர் 1903இல் இறந்துவிட்டார். எலும்புக்கூடு நகர்கிறது என்பதை நிறுவினார், எப்படி என்பதை விட்டுவிட்டுப் போனார்.

(இன்றைக்குக் கடையில் வாங்கும் சூடத்தில் பெரும்பாலானது இந்த வழியின் தம்பிதான். பைனீனை அமில வினையூக்கியால் கேம்ஃபீனாக்கி, அதிலிருந்து ஐசோபோர்னைல் அசிடேட், ஐசோபோர்னியால், கடைசியில் கற்பூரம். வழியில் எலும்புக்கூடு இரண்டு முறை மாறுகிறது. ஒரு சுவாரஸ்யம்: மரத்துக் கற்பூரக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தை வலப்பக்கம் திருப்பும். தொழிற்சாலைக் கற்பூரம் திருப்பாது, ஏனென்றால் அதில் வலக்கை மூலக்கூறும் இடக்கை மூலக்கூறும் பாதிக்குப் பாதி. இந்தப் 'பாதிக்குப் பாதி'யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். பச்சைக் கற்பூரம் தனிக் கதை, இன்னொரு பதிவில்.)

'எப்படி' என்பதற்கு முதல் உருப்படியான பதிலைச் சொன்னவர் ஹான்ஸ் மேர்வைன். 1922இல் கொன்ராட் ஃபன் எம்ஸ்டரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையைப் பற்றிப் படித்தபோது எனக்கு நிஜமாகவே சிலிர்த்தது. கேம்ஃபீன் ஹைட்ரோகுளோரைடு என்ற பொருள் தானாகவே ஐசோபோர்னைல் குளோரைடாக மாறும். இரண்டிலும் அதே அணுக்கள், எலும்புக்கூடு மட்டும் வேறு. மேர்வைன் எதையும் 'பார்க்க' முயலவில்லை. வேகத்தை அளந்தார். வெவ்வேறு கரைப்பான்களில் இந்த மாற்றம் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது?

அயனிகளைத் தாங்கிப் பிடிக்கும் கரைப்பான்களில் வேகம் அதிகம். தாங்காதவற்றில் ஆமை வேகம். அடுத்து, டின் டெட்ராகுளோரைடு போன்ற சில உலோகக் குளோரைடுகளைக் கொஞ்சம் சேர்த்தால் வினை பறந்தது. இவை குளோரினைக் குளோரைடு அயனியாகப் பிடுங்கிக்கொள்ளும் ஆட்கள். இதே உலோகக் குளோரைடுகள் டிரைஃபீனைல்மெத்தில் குளோரைடோடு சேரும்போது நிறமுள்ள உப்பு உண்டாவது அப்போதே தெரியும். அதில் கார்பன் நேர் மின்சுமையோடு இருக்கிறது என்று பேயர் போன்றவர்கள் 1902 வாக்கிலேயே சொல்லியிருந்தார்கள். மேர்வைன் இரண்டையும் முடிச்சுப் போட்டார். குளோரின் முதலில் அயனியாகக் கழன்றுகொள்கிறது. மிச்சமிருக்கும் நேரயனியில்தான் எலும்புக்கூடு மாறுகிறது. பிறகு குளோரைடு திரும்பி வந்து புது இடத்தில் ஒட்டுகிறது.

சாதாரணக் கரிமச் சேர்மத்துக்குள் அயனியா என்று அந்தக் காலத்தில் பலர் முகம் சுளித்திருப்பார்கள். உப்பில்தான் அயனி, எண்ணெயில் ஏது? ஆனால் தர்க்கத்தைப் பாருங்கள். உள்ளே எட்டிப் பார்க்க முடியாத ஒரு பெட்டி. வெளியே உள்ள குமிழ்களைத் திருகி, வேகம் எப்படி மாறுகிறது என்று மட்டும் பார்த்து, உள்ளே இருப்பதைச் சொல்கிறார். நாங்கள் பழைய சர்வர்களில் செய்வதும் இதைத்தான், என்ன, எங்களில் யாருக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது.

1932இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிராங்க் விட்மோர் இதையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். கார்பனுக்கு வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் வேண்டும். ஒரு தொகுதி தன் இணையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் ஆறுதான் மிச்சம். அப்போது பக்கத்துக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனோ மெத்திலோ தன் எலக்ட்ரான் இணையோடு நகர்ந்து வந்து காலி நாற்காலியில் உட்காரும். அது எழுந்து வந்த இடம் இப்போது காலி. ஆள் ஒரு பக்கம் நகர, காலி நாற்காலி எதிர்ப்பக்கம் நகர்கிறது. கார்பன்களால் நன்றாகச் சூழப்பட்ட இடத்தில் காலி இருந்தால் அக்கம்பக்கம் கொஞ்சம் எலக்ட்ரான் கடன் கொடுக்கும், அதனால் அந்த இடம் நிலையானது. என் மகளின் கேள்விக்கான விடை இதுதான்.

பினகால், கற்பூரம், இன்னும் பத்துப் பதினைந்து 'விநோத' வினைகள், எல்லாம் இந்த ஒரே கதையின் வெவ்வேறு அத்தியாயங்கள் ஆகின. பின்னாளில் நம் உடம்புக்குள்ளும் இதே நாடகம் நடப்பது தெரியவந்தது. கொழுப்பு டெஸ்டில் பயமுறுத்துகிறதே கொலஸ்டிரால், அதை உடம்பு தயாரிக்கும் வழியில் ஸ்குவாலீன் என்ற முப்பது கார்பன் சங்கிலி சுருண்டு வளையங்களாகிறது. உடனே இரண்டு ஹைட்ரஜனும் இரண்டு மெத்திலும் வரிசையாக ஒரு நாற்காலி நகர்ந்து உட்கார்கின்றன. அப்புறம்தான் லானோஸ்டிரால், அதிலிருந்து கொலஸ்டிரால்.

சரி, இத்தோடு முடிந்திருந்தால் நான் பதிவே எழுதியிருக்க மாட்டேன். உண்மையான சண்டை இனிமேல்தான்.

கற்பூர எலும்புக்கூட்டிலிருந்து மூன்று மெத்தில்களையும் வழித்துப் போட்டால் ஏழு கார்பன் கூண்டு ஒன்று மிஞ்சும். நார்போர்னேன் என்று பெயர். இதிலிருந்து கிளம்பும் நேரயனி நார்போர்னைல் அயனி. 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சால் வின்ஸ்டீனும் டேனியல் டிரிஃபனும் இந்தக் கூண்டில் ஒரு சோதனை செய்தார்கள். கழன்று போகும் தொகுதியை இந்தக் கூண்டில் இரண்டு விதமாக மாட்டலாம். வெளிப்பக்கமாக நீட்டினால் எக்ஸோ, கூண்டின் குழிப்பக்கமாக மடித்தால் என்டோ. எக்ஸோ வடிவம் 350 மடங்கு வேகமாகக் கழன்றது. இன்னொன்று, வலக்கை வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆரம்பித்தாலும் விளைபொருளில் வலக்கையும் இடக்கையும் பாதிக்குப் பாதி வந்தன.

வின்ஸ்டீன் சொன்ன விளக்கம் துணிச்சலானது. தொகுதி கழலும்போதே கூண்டின் பின்பக்கத்திலிருந்து ஆறாவது கார்பன், தன்னை ஒன்றாவது கார்பனோடு கட்டியிருக்கும் எலக்ட்ரான் இணையை இரண்டாவது கார்பனுக்கும் நீட்டித் தள்ளிவிடுகிறது. அதனால்தான் 350 மடங்கு வேகம். அப்படி உண்டாகும் அயனியில் அந்த ஆறாவது கார்பன் இந்த வீட்டிலும் இல்லை, அந்த வீட்டிலும் இல்லை, இரண்டுக்கும் பொதுவான திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே எலக்ட்ரான் இணையை மூன்று கார்பன்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இந்த அமைப்பு இரு பக்கமும் சமமானது, எனவே அடுத்து வருபவர் எந்தப் பக்கமும் சமமாக ஒட்டலாம். பாதிக்குப் பாதி. இதே மாதிரிப் பாலம் போட்ட அயனி இருக்கலாம் என்று 1939இலேயே கிறிஸ்டோபர் வில்சனும் கூட்டாளிகளும் கேம்ஃபீன் வினைக்குச் சொல்லியிருந்தார்கள். இந்த வகை அயனிக்கு 'செவ்வியல் அல்லாத அயனி' என்ற பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. கார்பனுக்கு நான்கு கைதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, இந்த ஆறாவது கார்பன் ஐந்து பேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதை ஏற்காதவர் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் பிரவுன். இருவரும் 1912இல் பிறந்தவர்கள். வின்ஸ்டீன் மான்ட்ரியலில், பிரவுன் லண்டனில். பிரவுனின் குடும்பம் உக்ரைனிலிருந்து வந்த யூதர்கள். சிகாகோவில் வளர்ந்து, அப்பா இறந்த பிறகு அவருடைய ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொண்டு, கஷ்டப்பட்டுப் படித்தவர். 1936இல் பட்டம் வாங்கியபோது பின்னால் மனைவியான சாரா ஒரு புத்தகம் பரிசளித்தார். போரான் ஹைட்ரைடுகள் பற்றியது. ஏன் அந்தப் புத்தகம்? கடையில் இருந்த வேதியியல் புத்தகங்களில் மலிவானது அதுதான், 2 டாலர் 6 சென்ட். அந்தப் புத்தகம் தொடங்கிவைத்த ஆராய்ச்சிக்குத்தான் 1979இல் அவருக்கு நோபல் பரிசு. ஆக, இந்தச் சண்டையில் அவரைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

பிரவுனின் வாதம் இது. பாதிக்குப் பாதி வருவதற்குத் திண்ணை எதற்கு? ஆறாவது கார்பன் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் படுவேகமாக ஓடிக்கொண்டிருந்தாலும் அதே விடைதானே வரும்? கார் கண்ணாடி வைப்பர் இடம் வலமாக ஆடுகிற மாதிரி, இரண்டு சாதாரண அயனிகள் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருக்கின்றன. சரி, 350 மடங்கு? எக்ஸோ வேகமானது என்று ஏன் சொல்கிறீர்கள், என்டோ மெதுவானது என்று ஏன் சொல்லக் கூடாது? என்டோ தொகுதி குழிக்குள் மடிந்து கிடக்கிறது, வெளியேற வழி இடிக்கிறது. இதற்கு அவர் காட்டிய சான்றும் லேசுப்பட்டதில்லை. இரண்டாவது கார்பனில் ஒரு பென்சீன் வளையத்தை ஒட்டி, பாலம் தேவையே இல்லாத அளவு நிலையான அயனியை உண்டாக்கினால்கூட எக்ஸோவுக்கும் என்டோவுக்கும் நூறு மடங்கைத் தாண்டி வித்தியாசம் இருந்தது. பாலமே இல்லாத இடத்திலும் அதே வித்தியாசம் என்றால், வித்தியாசத்துக்குக் காரணம் பாலம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். பிரவுன் சொல்வது எனக்குச் சரியாகவே பட்டது. எங்கள் வேலையில் இதே சிக்கல் வரும். மானிட்டரில் இரண்டு சர்வரும் ஐம்பது ஐம்பது சதவீதம் என்று காட்டும். நிஜமாகவே சுமையைச் சமமாகப் பகிர்கின்றனவா, இல்லை ஒரு நொடி இது நூறு, அடுத்த நொடி அது நூறு என்று மாறி மாறி மூச்சுத் திணறுகின்றனவா? அரை நிமிடத்துக்கு ஒருமுறை சராசரி எடுக்கும் கருவியைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லும். ஒருமுறை இது புரியாமல் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன்.

1950களிலும் 60களிலும் இந்தச் சண்டை ஒரு துறையையே இரண்டாகப் பிரித்தது. இன்னொரு பக்கம், வின்ஸ்டீனைப் பார்த்து உற்சாகமான பலர் எங்கே ஒரு விளங்காத வினையைப் பார்த்தாலும் புள்ளிக்கோடு போட்டு ஒரு செவ்வியல் அல்லாத அயனியை வரைந்துவிடுவது வழக்கமானது. பிரவுனுக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை. அப்படி வரையப்பட்டவற்றில் பல பின்னால் நிற்கவில்லை. அவர் ஒருவர் முரண்டு பிடிக்காமல் இருந்திருந்தால் இந்த அயனிக்கு இவ்வளவு கறாராக யாரும் சான்று தேடியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்த நேரத்தில் மேடைக்கு வருகிறார் ஜார்ஜ் ஓலா. புடாபெஸ்டில் 1927இல் பிறந்தவர். 1956 ஹங்கேரிப் புரட்சி நசுக்கப்பட்டபோது குடும்பத்தோடு வெளியேறி, கனடாவின் சார்னியாவில் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய யோசனை எளிமையானது. அயனி கண்ணில் படாததற்குக் காரணம், உண்டான உடனே எதையாவது பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லாத இடத்தில் அதை உண்டாக்கினால்? ஆன்டிமனி பென்டாஃபுளோரைடு போன்ற அசுர அமிலங்களில் எலக்ட்ரான் கொடுக்க ஆளே கிடையாது. அங்கே அயனி அனாதையாக நிற்கும், சாவகாசமாக என்எம்ஆரில் பார்க்கலாம். அப்படித்தான் டெர்ஷரி பியூட்டைல் அயனி முதன்முதலாக நேரடியாகப் பதிவானது, 1962 வாக்கில். மகளின் கேள்விக்கு முதல் 'ஆமாம்' இங்கேதான்.

1962இல் புரூக்ஹேவனில் நடந்த ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேசப் போன அனுபவத்தை ஓலா தன் நினைவுநூலில் சொல்கிறார். வின்ஸ்டீன் தனியாகக் கூப்பிட்டாராம், பிரவுனும் தனியாகக் கூப்பிட்டாராம். இருவரும், சின்னப் பையன் நீ, இவ்வளவு பெரிய விஷயத்தை ஜாக்கிரதையாகச் சொல், பெரும்பாலும் நீ தப்பாகத்தான் இருப்பாய் என்றார்களாம். ஒருவேளை நிஜமாக இருந்தால் அந்த நார்போர்னைல் அயனியையும் பார்த்து, செவ்வியல் அல்லாதது என்று காட்டு என்று ஒருவர், செவ்வியல்தான் என்று காட்டு என்று மற்றவர். பிடித்தது இதுதான்: எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர், இந்தப் பையன் தப்பு என்பதில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள்.

ஓலா பிறகு கிளீவ்லாந்துக்குப் போனார். அங்கே 1966இல் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்த கையோடு, ஜோவாகிம் லூகாஸ் என்ற ஆராய்ச்சியாளர் மிச்சமிருந்த மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை அமிலக் கலவையில் போட்டுப் பார்த்தார். மெழுகு கரைந்தது. என்எம்ஆரில் பளிச்சென்று டெர்ஷரி பியூட்டைல் அயனி. நீளச் சங்கிலி உடைந்து, மறுசீரமைந்து, இருப்பதிலேயே வசதியான அயனியாக மாறியிருந்தது. ஃபுளூரோசல்ஃபூரிக் அமிலமும் ஆன்டிமனி பென்டாஃபுளோரைடும் சேர்ந்த அந்தக் கலவைக்கு 'மந்திர அமிலம்' என்ற பெயர் நிலைத்தது. கடைக்கே விற்பனைக்கு வந்தது.

நார்போர்னைல் அயனியும் 1964இலேயே இந்த முறையில் பிடிபட்டது. ஆனால் சண்டை தீரவில்லை. என்எம்ஆர் என்பது மெதுவான கேமரா. ஓடுகிற ஆளையும் திண்ணையில் உட்கார்ந்த ஆளையும் அதனால் பிரிக்க முடியாது. ஓலா வேகமான கேமரா ஒன்றைத் தேடினார். எக்ஸ்-கதிரால் எலக்ட்ரானை உதைத்து வெளியேற்றும் முறையில் ஒரு வினாடியைப் பத்தாயிரம் லட்சம் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கு நேரத்தில் படமெடுத்த மாதிரி. அதிலும் தனியாக மின்சுமையைச் சுமக்கும் ஒரு கார்பன் தெரியவில்லை. அந்த வரைகோட்டை எப்படிப் படிப்பது என்று அடுத்த தகராறு.

வின்ஸ்டீன் 1969 நவம்பரில் இறந்துபோனார். 57 வயது. பிரவுன் ஓயவில்லை. 1977இல் இந்தச் சிக்கலைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதில் ஒரு நல்ல காரியம் செய்தார்: எதிரணியைச் சேர்ந்த பால் ஃபான் ராகே ஷ்லயரை அதே புத்தகத்துக்குள் கருத்துரைகள் எழுத வைத்தார். தன் புத்தகத்திலேயே தன்னை மறுப்பவருக்கு இடம்.

1982இல் யன்னோனியும் கூட்டாளிகளும் அயனியைத் திடப்பொருளாக உறையவைத்து 5 கெல்வின்வரை குளிர்வித்துப் பார்த்தார்கள். ஆளில்லா விண்வெளியின் குளிரை ஒட்டிய குளிர். ஓடுகிற ஆள் என்றால் அங்கேயாவது ஏதாவது ஒரு வீட்டில் உறைந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் தடுப்பு என்று ஒன்று இருந்தால் அது மோலுக்கு 0.2 கிலோகலோரிக்கு மேல் இருக்க முடியாது. ஒரு தடுப்பே இல்லை என்பதற்குச் சமம். அடுத்த வருடம் ஒரு ஆய்விதழ் ஒரே இதழில் இரு தரப்புக்கும் இடம் கொடுத்தது. ஓலா, சூர்ய பிரகாஷ், சாண்டர்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை, சர்ச்சை முடிந்தது என்று தலைப்பிலேயே அறிவித்தது. (இந்தச் சூர்ய பிரகாஷ் பெங்களூருக்காரர், சென்னை ஐஐடியில் எம்எஸ்சி முடித்துவிட்டு 1974இல் ஓலாவிடம் போனவர்.) பிரவுன் எழுதிய கட்டுரையின் தலைப்போ ஒரு கேள்வி: அந்தப் பாலம் கொடுப்பதாகச் சொல்லும் கூடுதல் நிலைப்பு ஆற்றல் எங்கே? அசுர அமிலத்தில் உறைந்த அயனி எப்படி இருந்தால் என்ன, சாதாரணக் கரைப்பானில் தொகுதி கழலும் அந்த நொடியைப் பற்றித்தானே நான் பேசுகிறேன் என்பது அவர் பக்கம். அதைப் படிக்கும்போது, இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் விவாதித்தார்களா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது.

ஓலாவுக்கு 1994இல் நோபல். பிரவுன் 2004இல் தன் 92ஆம் வயதில் காலமானார்.

அதற்குப் பிறகுதான் மகள் கேட்ட அர்த்தத்தில் 'பார்த்தது'. அயனியைப் படிகமாக்கி எக்ஸ்-கதிர் படமெடுத்தால் எந்த அணு எங்கே என்று நேராகவே தெரிந்துவிடும். ஆனால் இந்த அயனி படிகத்துக்குள் போயும் ஓய்ந்து உட்காராமல் சுழன்றுகொண்டே இருந்தது. குளிர்வித்தால் வழியில் படிகத்தின் அமைப்பே மாறிப் படம் கெட்டுப்போனது. ஃபிரைபுர்க்கில் இங்கோ குரோசிங், எர்லாங்கனில் கார்ஸ்டன் மேயர் ஆகியோரின் குழுக்கள், படிகத்தைத் திரும்பத் திரும்பக் குளிர்வித்துப் போராடி, அலுமினியம் புரோமைடு எதிரயனியோடு சேர்ந்த உப்பை 40 கெல்வினில் படமெடுத்தன. 2013 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஆசிரியர் பட்டியலில் பழைய பெயர் ஒன்று: பிரவுனின் புத்தகத்தில் மறுப்புரை எழுதிய அதே ஷ்லயர். அடுத்த வருடம் அவரும் போய்விட்டார்.

எண்கள் இவை. சாதாரணக் கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. பிரவுன் சொன்னபடி என்றால் ஆறாவது கார்பனிலிருந்து ஒரு பக்கத் தூரம் கிட்டத்தட்ட இந்த அளவும், மறுபக்கம் பிணைப்பே இல்லாத நீளமுமாக இருந்திருக்க வேண்டும். படத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், 1.80 ஆங்ஸ்ட்ராம். அடியில் இருக்கும் ஒன்றாவது, இரண்டாவது கார்பன்களுக்கு நடுவே 1.39.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்தபோது இரவு பதினோரு மணி. படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது அந்தக் கூண்டு அயனிக்குத்தானே? என் கேள்வியில வந்த மெத்தில்? அதை யாரு பார்த்தாங்க?"

அது தாவி முடித்த பிறகு உள்ள அயனியை ஓலாவின் முறையில் பார்த்திருக்கிறார்கள், தாவுவதற்கு முன்னால் உள்ளதைப் பிடிக்க முடிந்ததில்லை, அதற்குள் தாவிவிடுகிறது என்றேன். சரி என்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, விடைத்தாளில் அரை மதிப்பெண் கூட்டி வாங்கியதைக் காட்டினாள். இரண்டும் கலந்துதான் வரும் என்று சொல்லிக் கேட்டாளாம்.